பந்தயம் கட்டாதவர் கேசினோ பார்ப்பது எப்படி

28 வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான். காசு வைத்து எதுவும் ஆடியதில்லை. சாயங்காலம் கேஷ் டாலி ஆகாமல் ஒரு நோட்டு குறைந்தால் சொந்தக் கையிலிருந்து கட்டும் வேலையில் இருந்தவனுக்குப் பந்தயத்தில் என்ன ருசி இருந்துவிடப் போகிறது?

அப்படிப்பட்ட என்னை அக்கா மகன் ஒரு கேசினோவுக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் தடவை அரை மணி நேரத்தில் தலைவலியோடு வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு நாலு தடவை, வெவ்வேறு ஊர்களில், நானாகவே ஆசைப்பட்டுப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. முதல் தடவை ஆட்டத்தைப் பார்த்தேன். சக்கரம் சுற்றுகிறது, நிற்கிறது, திரும்பச் சுற்றுகிறது. அதில் நம் பணம் இல்லையென்றால் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாம் தடவையிலிருந்து அங்கே நடக்கும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆடாதவர் போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் போவதற்கு முன். புகைப்பட அடையாள அட்டை வேண்டும். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட். வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். லாஸ் வேகாஸ், மக்காவ், சிங்கப்பூர் மூன்றிலும் 21. சொந்த நாட்டுக்காரருக்குத்தான் சில இடங்களில் கெடுபிடி: மொனாக்கோ குடிமக்கள் மான்டி கார்லோ கேசினோவில் ஆடவே கூடாது, சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக முடியும். செருப்பும் அரைக்கால் சட்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம் என்பதால் முழுக்கால் சட்டை, ஷூ என்று போய்விடுவது நல்லது.

கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். சுவரில் கடிகாரம் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஜன்னலும் பெரும்பாலும் இருக்காது. ஏடிஎம் அட்டை, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு, போக வரச் செலவுக்கான பணத்தை மட்டும் பையில் வையுங்கள். நான்தான் ஆடப்போவதில்லையே, எனக்கு எதற்கு இந்தக் கட்டுப்பாடு என்று கேட்பீர்கள். காரணம் உங்களோடு வருபவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

வார நாளில் மதியத்துக்கு மேல் போங்கள். வெள்ளி, சனி இரவில் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். மதியத்தில் பாதி மேஜை காலியாக இருக்கும், டீலர்கள், அதாவது ஆட்டத்தை நடத்தும் கேசினோ ஊழியர்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், ஒரு கேள்வி கேட்டால் சிரித்துப் பதில் சொல்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்து, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நேர் பாதை என்று ஒன்று இருக்காது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானாலும் நாற்பது சூதாட்ட மெஷினைக் கடந்துதான் போயாக வேண்டும்.

எங்கே நிற்பது

மேஜையைச் சுற்றியுள்ள நாற்காலி ஆடுபவருக்கு மட்டும். காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தால் டீலர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் ‘பணம் எங்கே’ என்று அர்த்தம். ஆடுபவரின் தோளுக்குப் பின்னாலும் நிற்காதீர்கள். அதுவரை ஜெயித்தவர் நீங்கள் வந்த பிறகு தோற்றால் பழி உங்கள் மேல்தான் விழும். மேஜையின் ஓரத்தில், டீலரின் கைகள் தெரிகிற மாதிரி ஒரு முழம் தள்ளி நில்லுங்கள்.

போனை வெளியே எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். ரூலெட், அதாவது எண் போட்ட சக்கரத்தில் பந்தைச் சுற்றிவிடும் ஆட்டம், அந்த மேஜைப் பக்கத்தில் போன் அடித்தது, வீட்டிலிருந்து அழைப்பு, பழக்க தோஷத்தில் ‘ஹலோ’ சொல்லிவிட்டேன். இரண்டாவது வார்த்தைக்கு முன் கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கோபமில்லை, குரல் உயரவில்லை. ஆனால் அந்த மேஜையின் ஆட்டமே நின்றுபோனது, எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். புகைப்படம் எடுப்பது இதைவிடப் பெரிய குற்றம்.

கைகளைப் பாருங்கள்

முதலில் ரூலெட் மேஜைக்குப் போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். ஒருவர் பணத்தைச் சில்லாக, அதாவது பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்ட வில்லையாக, மாற்றும் கட்டத்திலிருந்து பாருங்கள்.

என் அக்கா மகனுக்காக ஒரு நோட்டை நான்தான் மாற்றப் போனேன். டீலர் பெண்ணிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே நிற்கிறேன், அவள் புன்னகையோடு மேஜையைக் காட்டுகிறாள். 28 வருஷமாகக் கையிலிருந்து கைக்குப் பணம் வாங்கியவனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: கையிலிருந்து கைக்குப் போகும் பணத்துக்குக் கேமராவில் சாட்சி இல்லை. நோட்டை மேஜையில் வைக்க வேண்டும். அவள் அதை விரித்துப் பரப்பி, தொகையை உரக்கச் சொல்லி, மேற்பார்வையாளர் தலையாட்டிய பிறகு, ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மேஜையில் இருக்கும் பிளவு வழியாக உள்ளே தள்ளினாள். கீழே பூட்டிய பெட்டி. அவளிடம் அதன் சாவி கிடையாது. நாங்கள் பெட்டகத்துக்கு இரண்டு பேர் இரண்டு சாவி வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

அடுத்து சில்லு எண்ணுவது. 20 சில்லு ஒரு அடுக்கு. யாருக்காவது இன்னொரு அடுக்கு தர வேண்டுமென்றால் அவள் எண்ணுவதில்லை. ஏற்கெனவே எண்ணிய அடுக்கின் பக்கத்தில் சில்லுகளைக் கையால் ஏற்றி, ஆள்காட்டி விரலை இரண்டின் தலையிலும் ஓட்டுகிறாள். மேல் மட்டம் சமமென்றால் கணக்கு சரி. கூடுதல் இருந்தால் விரல் தட்டிவிடும். நோட்டுக் கட்டைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓட்டும்போது ஒரு நோட்டு குறைந்தாலும் எனக்குத் தெரியும் என்று பெருமையாகத் திரிந்தவன் நான். அங்கே கால் மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பந்து ஒரு எண்ணில் விழுந்ததும் அந்த எண்ணின் மேல் சின்னக் குமிழ் மாதிரி ஒரு அடையாளம் வைப்பாள். அது எடுக்கப்படும்வரை யாரும் மேஜையில் கை வைக்கக் கூடாது. முதலில் தோற்ற சில்லுகளை எல்லாம் இரண்டு கையாலும் வாரி இழுப்பாள், அதன் பிறகுதான் ஜெயித்தவருக்குக் கொடுப்பது. வரவை முடித்துவிட்டுச் செலவு. பந்து வேகம் குறையும்போது மேஜையின் மேல் கையை வீசி ‘இனிமேல் வைக்கக் கூடாது’ என்று சொல்வாள். பார்வையாளரான நீங்களும் அப்போது மேஜைப் பக்கம் கையை நீட்டிக் காட்டிப் பேசாதீர்கள். விழுந்த பிறகு சில்லை நகர்த்தும் திருட்டு இந்தத் தொழிலில் பழையது.

வேலை நேரம் முடிந்து வேறு ஆள் வரும்போது பாருங்கள். போகிறவர் இரண்டு உள்ளங்கையையும் ஒரு தட்டு தட்டி, விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். கையில் ஒன்றுமில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்குச் சொல்கிறார். மூக்கு அரித்தால்கூடச் சிலர் இதைச் செய்துவிட்டுத்தான் சொறிகிறார்கள். ஆடுபவரை டீலர் பார்க்கிறார், டீலரை மேற்பார்வையாளர் பார்க்கிறார், அவரை இன்னொருவர் பார்க்கிறார், எல்லோரையும் கேமரா பார்க்கிறது. கேமரா வருவதற்கு முன்பு லாஸ் வேகாஸில் கூரைக்கு மேல் நடைபாதை போட்டு, ஒருவழிக் கண்ணாடி வழியாக ஆட்களே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் கிளையில் தணிக்கைக்கு வருபவர்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

கணக்கு

இவ்வளவு கண்காணிப்பு எதற்கு? அவர்கள் லாபம் மெல்லிய லாபம் என்பதால்தான். இதை நின்ற இடத்திலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் 37 எண். ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு வைத்தால் 37 சில்லு போகும். ஏதாவது ஒன்று நிச்சயம் ஜெயிக்கும். அதற்கு 35 சில்லும், வைத்த ஒன்றும் சேர்ந்து 36 திரும்பும். 37 கொடுத்து 36 வாங்குகிறீர்கள். அந்த ஒன்றுதான் கடையின் வருமானம், 2.7 சதவீதம். இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 38 எண், திரும்புவது அதே 36, 5.26 சதவீதம். இப்போது மூன்று பூஜ்யம் போட்ட மேஜைகளும் இருக்கின்றன, அங்கே 7.69. ஆகவே எந்த மேஜைக்குப் போனாலும் முதலில் பூஜ்யத்தை எண்ணுங்கள். 1843-இல் ஹோம்பர்க் நகரில் கேசினோ நடத்திய பிளாங்க் சகோதரர்கள் மற்ற இடங்களைவிட ஆளை இழுக்க ஒரு பூஜ்யத்தைக் குறைத்தார்கள். போட்டிக்கு வட்டியைக் குறைக்கிற வேலை.

வெறும் 2.7 சதவீதத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி ஓடுகிறது என்று தோன்றும். அந்தச் சதவீதம் நீங்கள் கொண்டுவந்த பணத்தின் மேல் இல்லை, ஒவ்வொரு தடவை வைக்கும் பந்தயத்தின் மேல். ஒருவர் 100 சில்லோடு உட்காருகிறார், தடவைக்கு 10 வைக்கிறார். மணிக்கு 40 சுற்று என்றால் 400 சில்லு மேஜையைக் கடந்திருக்கிறது. அதில் 2.7 சதவீதம் ஏறக்குறைய 11. அவர் பையில் இருந்ததோ 100. ஒரே நோட்டு கவுன்ட்டரை எத்தனை தடவை கடக்கிறது என்பதில்தான் காசு.

ரூலெட் மேஜைப் பக்கத்தில் ஒரு பலகை ஒளிரும், கடைசியாக வந்த எண்கள் எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த ஒரு அம்மா அதைப் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பூஜ்யம் தவிர மற்ற எண்கள் எல்லாம் கறுப்பு அல்லது சிவப்பு. கறுப்பு ஆறு தடவை வந்துவிட்டது, இனி சிவப்புதான் என்று கணக்கு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் கறுப்பு 26 தடவை வரிசையாக வந்தது. ஒவ்வொரு தடவையும் ‘இனி சிவப்புதான்’ என்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனவர்கள் எல்லாம் இழந்தார்கள். பந்துக்கு முந்தைய சுற்று ஞாபகமிருக்காது. எனக்கு இதைவிட எளிய காரணம் ஒன்று தோன்றியது: தனக்கு நஷ்டம் வரவைக்கும் தகவலை எந்த முதலாளியாவது விளக்குப் போட்டு இலவசமாகக் காட்டுவானா? பக்காரா என்ற சீட்டாட்ட மேஜையில் எழுதிக்கொள்ளக் காகிதமும் பேனாவும்கூட அவர்களே தருகிறார்கள்.

எழுதி வைத்து ஜெயித்தவரும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் ஜாகர் என்ற யார்க்‌ஷயர் நெசவாலைக்காரர் மான்டி கார்லோவில் ஆட்களை வைத்து எண்களைக் குறிக்கச் சொல்லி, ஒரு சக்கரம் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்து அள்ளிக்கொண்டு போனார். சக்கரங்களை இன்று அடிக்கடி மட்டம் பார்ப்பது இந்த மாதிரி அனுபவத்தால்தான்.

பக்காராவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பந்தயம் வைக்கிற ஒரு பக்கத்துக்குப் பெயரே ‘பேங்கர்’. அந்தப் பக்கம் ஜெயித்தால் வழக்கமாக 5 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். பெயருக்கேற்ற குணம்தான். அந்தக் கமிஷனையும் சேர்த்துக் கடைக்கு நிற்பது ஒரு சதவீதத்தை ஒட்டி. இரண்டு பக்கமும் சமமாக முடியும் என்று ‘சமம்’ கட்டத்தில் வைத்தால் 14 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பிளாக்ஜாக், 21-ஐத் தாண்டாமல் அதன் பக்கத்தில் போக வேண்டிய சீட்டாட்டம். அந்த மேஜையில் விரித்திருக்கும் துணியைப் படியுங்கள். டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17-இல் நிற்க வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருக்கும். அவருக்கு யோசிக்க உரிமையே இல்லை. அப்படியென்றால் கடை எங்கே சம்பாதிக்கிறது? வரிசையில். நீங்கள் முதலில் எடுக்க வேண்டும். 21-ஐத் தாண்டினால் உடனே உங்கள் சில்லு போய்விடும். அப்புறம் டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. அதே துணியில், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருகிற ‘பிளாக்ஜாக்’குக்கு 2 சில்லுக்கு 3 தருவதாக இருக்கிறதா, 5 சில்லுக்கு 6 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது பெரிய எண் மாதிரி தெரியும், தருவது குறைவு. பத்துச் சில்லுக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12.

இந்த மேஜையில்தான் அக்கா மகன் ஒரு சில்லை என் கையில் திணித்தான். “மாமா, உங்க ராசிக்கு ஒண்ணு வைங்க.” நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மெஷின் பக்கம்

பொத்தானை அழுத்தினால் படங்கள் போட்ட உருளைகள் சுற்றும் ஸ்லாட் மெஷின்கள்தான் இடத்தில் பெரும்பகுதியை அடைத்திருக்கும், பார்ப்பதற்கு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். ஆனால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். திரையைப் பார்க்காமல் காதைக் கொடுங்கள். ஒரு பெரியவர் 100 பாயின்ட் வைத்து அழுத்தினார், 35 திரும்பியது. மெஷின் மணி அடித்து, இசை போட்டு, விளக்கை மினுக்கியது. 65 போய்விட்டது, மெஷினோ கல்யாண வீடு மாதிரி கொண்டாடுகிறது. 100-க்கு 100 இழந்தபோது மட்டும் சத்தமே இல்லை. அவர் நிமிஷத்துக்குப் பத்து தடவை அழுத்தினார், என் கடிகாரத்தில் பார்த்தேன். மணிக்கு 600. ரூலெட்டின் 40 சுற்றை இதோடு வைத்துப் பாருங்கள்.

பொத்தானை அழுத்தும்போதே உள்ளே இருக்கும் கணினி எண்ணைத் தேர்ந்துவிடுகிறது. உருளை சுற்றுவது நமக்காகப் போடும் நாடகம். ரொம்ப நேரம் கொடுக்காத மெஷின் இனிமேல் கொடுக்கும் என்பதும் அந்த அம்மாவின் சிவப்பு மாதிரிதான்.

உறுப்பினர் அட்டை இலவசமாகத் தருவார்கள். ஆடாதவருக்கு அதனால் பயனில்லை. எவ்வளவு பந்தயம், எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்து, உங்களிடமிருந்து அவர்கள் எதிர்பார்க்கும் வருமானத்தில் ஒரு பங்கைச் சாப்பாடாகவும் அறையாகவும் திருப்பித் தருவதற்கான அட்டை அது. சும்மா நிற்பவரின் அட்டையில் பூஜ்யம்தான் ஏறும்.

கூட வந்தவர்

இப்போது கார்டை ஏன் அறையில் வைக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. பத்தே காலுக்கு அவனைத் தேடிப் போனால் கண் சிவந்திருக்கிறது. “பத்து நிமிஷம் மாமா, விட்டதைப் பிடிச்சிட்டு வந்துடறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, கார்டு வெச்சிருக்கீங்களா? நாளைக்குக் காலையில தந்துடறேன்.” என் பையில் வண்டிக்கான காசு மட்டும்தான் இருந்தது. பையை வெளியே இழுத்துக் காட்டினேன். அந்த நேரத்தில் என்னிடம் கார்டு இருந்திருந்தால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அக்கா மகனாயிற்றே.

ஆகவே ஆடுபவரோடு போனால், கிளம்பும் நேரத்தையும் அவர் தோற்கத் தயாரான தொகையையும் வாசலுக்கு வெளியே பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போன பிறகு அந்தப் பேச்சு எடுபடாது. நேரமானதும் பின்னால் நின்று நச்சரிக்காதீர்கள். வாசல் பக்கம் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். அவன் பத்தே முக்காலுக்கு வந்தான். அன்று இரவு பேசவில்லை, மறுநாள் மதியம்தான் வாய் திறந்தான்.

வெளியேறும் முன் சில்லை மாற்றும் வேலை இருக்கும். ரூலெட்டில் ஆளுக்கொரு நிறமாகத் தரும் சில்லுக்கு அந்த மேஜைக்கு வெளியே மதிப்பே கிடையாது. எழுந்திருக்கும்போது டீலரிடம் கொடுத்து, மதிப்பு அச்சிட்ட சில்லாக வாங்கிக்கொண்டுதான் கேஷியரிடம் போக வேண்டும். கேஷியர் கவுன்ட்டருக்கு நீங்கள் மாற்ற ஒன்றுமில்லாவிட்டாலும் கூடப் போய் நில்லுங்கள். கம்பித் தடுப்புக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். நோட்டுகளை எண்ணி, திரும்ப எண்ணி, மேஜையில் விசிறி மாதிரி விரித்து வைத்தார். நான் தலையசைத்தேன், அவரும் அசைத்தார்.

அறைக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் பையில் அந்தச் சில்லு. ஊருக்குத் திரும்பியும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. இப்படித் திரும்பி வராத சில்லுகளை அவர்கள் கணக்குப் புத்தகத்தில் கடன் பக்கம் எழுதி வைத்திருப்பார்கள், எங்கள் வங்கியில் கேட்க ஆளில்லாத டெபாசிட்டை எழுதி வைத்திருந்த மாதிரி. சில்லின் வடிவத்தை மாற்றும்போது பழையதை இந்தத் தேதிக்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வரும். அதன் பிறகு அது வெறும் வட்டம். அதுவரை அந்தக் கட்டடம் எனக்கு ஒரு சில்லு பாக்கி.